உருவாகாத படையின் சிற்பி

ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்துள்ள 27 நாடுகளுக்கும் பொதுவான நாடாளுமன்றம் உண்டு. பொதுவான நீதிமன்றம் உண்டு. அவற்றில் பெரும்பாலான நாடுகள் ஒரே நாணயத்தைப் பயன்படுத்துகின்றன. ஸ்பெயினில் விளைந்த ஆரஞ்சுப்பழம் எந்தச் சுங்கச் சோதனையும் இல்லாமல் போலந்தின் சந்தையைச் சென்றடைகிறது. ஆனால், அந்த ஒன்றியத்துக்கென்று ஒரு பொதுப்படை மட்டும் இன்றுவரை இல்லை.

உக்ரைன் மீது ரஷியா 2022-இல் பெரும் படையெடுப்பைத் தொடங்கிய பிறகு, ஐரோப்பாவின் பாதுகாப்பை ஐரோப்பியர்களே ஏற்க வேண்டும் என்கிற குரல் வலுத்திருக்கிறது. இது புதிய யோசனை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆறு ஐரோப்பிய நாடுகள் ஒரே படை, ஒரே பாதுகாப்பு நிதி, ஒரே சீருடை என்று ஒப்பந்தத்தில் கையொப்பமே இட்டுவிட்டன என்பதும், அது நடந்தது 1952-இல் என்பதும் அதிகம் பேசப்படாத வரலாறு. அந்த ஒப்பந்தம் ஏன் பிறந்தது, ஏன் மடிந்தது என்று அறிய முற்படும்போதெல்லாம் நான் ஒரு மனிதரின் வாழ்க்கையிடம் சென்று நிற்கிறேன். அவர் பிரான்ஸ் நாட்டின் ழான் மோனே.

மோனே படைத்தளபதி அல்லர். ஒருநாள்கூட ராணுவ வீரராகப் பணியாற்றியவர் அல்லர். எந்தத் தேர்தலிலும் வென்று பதவிக்கு வந்தவரும் அல்லர். 1888 நவம்பர் 9-ஆம் தேதி, பிராந்திக்குப் பெயர்போன கோன்யாக் நகரில், பிராந்தி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். 16 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திக்கொண்டார். ஆங்கிலமும் வணிகமும் கற்றுக்கொள்வதற்காகத் தந்தை அவரை லண்டனுக்கு அனுப்பினார். அங்கே இரண்டு ஆண்டுகள் கழித்த பிறகு, குடும்ப நிறுவனத்தின் பிரதிநிதியாகக் கனடா வரையிலும் பயணம் செய்தார்.

பல்கலைக்கழகம் தராத பாடத்தை அந்தப் பயணங்கள் தந்தன. வேற்று மொழி பேசும், வேற்று நாட்டைச் சேர்ந்த ஒருவரோடு நம்பிக்கையின் அடிப்படையில் ஓர் உடன்பாட்டை எப்படி எட்டுவது என்பதே அந்தப் பாடம். எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேரம் பேசுவதைவிட, இருவரும் ஒரே பக்கம் அமர்ந்து, தீர்க்க வேண்டிய சிக்கலை எதிரில் வைத்துப் பேசுவதே பயன் தரும் என்பது அவரது வாழ்நாள் நம்பிக்கையாக இருந்தது. பிற்காலத்தில் அரசுகளுக்கு இடையே அவர் செய்ததெல்லாம் இந்த வணிக அறிவின் விரிவாக்கம் என்றே நான் கருதுகிறேன்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. உடல்நலக் குறைவால் மோனே படைப்பணியிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால், களத்துக்குச் செல்லாத அந்த 25 வயது இளைஞரின் கண்ணில், தளபதிகள் கவனிக்காத ஒரு குறை பட்டது. பிரான்ஸும் பிரிட்டனும் ஒரே எதிரியை எதிர்த்துப் போரிட்டன. ஆனால், கோதுமையையும் எஃகையும் கப்பல்களையும் உலகச் சந்தையில் தனித்தனியே, ஒன்றோடொன்று போட்டியிட்டு வாங்கின. இரு நட்பு நாடுகளின் போட்டியால் விலை ஏறியது. ஏற்றிவரக் கப்பல் கிடைக்காத நிலையும் ஏற்பட்டது.

குடும்ப நண்பரான வழக்குரைஞர் ஒருவரின் உதவியோடு, அப்போது தற்காலிகத் தலைநகராக இருந்த போர்தோ நகரில் பிரதமர் விவியானியைச் சந்தித்து இதை எடுத்துரைத்தார் மோனே. எந்த அரசுப் பதவியும் வகிக்காத ஓர் இளைஞர் சொன்னதைப் பிரதமர் செவிமடுத்தார் என்பதும், அவரை லண்டனுக்கே அனுப்பிவைத்தார் என்பதும் இன்றைக்கும் வியப்பளிக்கும் செய்திகள்.

பயன் உடனே விளைந்துவிடவில்லை. 1916-இன் இறுதியில்தான் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி ஆகிய மூன்று நாடுகளும் கோதுமையைக் கூட்டாக வாங்கும் அமைப்பு உருவானது. 1917-இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை வரைமுறையின்றி மூழ்கடிக்கத் தொடங்கியபோது நட்பு நாடுகள் கலங்கின. அதன் பிறகே கப்பல் போக்குவரத்துக்கான கூட்டுக் குழு அமைந்தது. எந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியை ஏந்தியிருக்கிறது என்று பாராமல், எந்தச் சரக்கு முதலில் தேவை என்று பார்த்து முடிவெடுத்த அமைப்பு அது. நாடுகள் தங்கள் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மோனே கண்கூடாகக் கண்ட முதல் சான்று இதுதான்.

போர் முடிந்ததும் அந்தக் குழு கலைக்கப்பட்டது. அமைதிக் காலத்திலும் அது தொடர வேண்டும் என்று மோனே விரும்பினார், அரசுகள் விரும்பவில்லை. ஆபத்து நெருங்கும்போது கைகோத்துக்கொள்ளும் நாடுகள், ஆபத்து விலகியதும் கைகளை உதறிக்கொள்கின்றன. அவரது வாழ்வில் திரும்பத் திரும்ப வரும் ஏமாற்றத்தின் தொடக்கம் அது.

1919-இல் சர்வதேச சங்கத்தின் துணைப் பொதுச் செயலாளராக மோனே பொறுப்பேற்றார். அங்கே வேறொரு பாடம் காத்திருந்தது. எந்த முக்கிய முடிவுக்கும் ஒருமித்த ஒப்புதல் வேண்டும். ஒரே ஒரு நாடு மறுத்தாலும் முடிவு நின்றுபோகும். நல்லெண்ணம் நிறைந்த மனிதர்கள் கூடியிருந்தும், மறுப்புரிமை என்கிற ஒரு கருவி அனைத்தையும் முடக்கிவிடும் என்பதை அவர் அங்கே கண்டார். 1923-இல் நலிந்துகொண்டிருந்த குடும்பத் தொழிலைக் காப்பாற்றுவதற்காகப் பதவி விலகினார். பின்னர் சர்வதேச நிதித் துறையில் ஈடுபட்டு போலந்து, ருமேனியா, சீனா என்று பல நாடுகளின் நிதிச் சிக்கல்களோடு பழகினார்.

1938-இல் ஹிட்லரின் நிழல் ஐரோப்பாவின் மீது விழுந்தபோது, போர் விமானங்களை வாங்குவதற்காக மோனேயை அமெரிக்காவுக்கு அனுப்பியது பிரெஞ்சு அரசு. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், பிரிட்டன் - பிரான்ஸ் ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவராக லண்டனில் அமர்ந்தார். அங்கே அவர் தயாரித்த ஆவணம் ஒரு வணிகரின் வரவு செலவுக் கணக்கைப் போன்றது. இரு நாடுகளிடமும் உள்ள விமானங்கள், ஜெர்மனியிடம் உள்ள விமானங்கள், ஈடுகட்ட வேண்டிய பற்றாக்குறை. அதுவரை இரு அரசுகளும் தங்கள் பலத்தை ஒரே தாளில் கூட்டிப் பார்த்ததே இல்லை.

1940 ஜூன் மாதம் பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தது. அந்த நெருக்கடியில் மோனேயும் அவரது சகாக்களும் வரைந்த திட்டம் வரலாற்றின் விந்தைகளில் ஒன்று. பிரிட்டனும் பிரான்ஸும் இனி இரு நாடுகளாக இல்லாமல் ஒரே ஒன்றியமாக இணைவது. இரு நாட்டு மக்களுக்கும் பொதுக் குடியுரிமை. பாதுகாப்புக்கும் வெளியுறவுக்கும் நிதிக்கும் பொது அமைப்புகள். நூற்றாண்டுகளாகப் போரிட்டுக்கொண்ட இரு பேரரசுகளை இணைக்கும் அந்தத் திட்டத்தைச் சர்ச்சிலின் அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. ஜூன் 16-ஆம் தேதி லண்டனில் இருந்த தளபதி டி கால், பிரெஞ்சுப் பிரதமர் ரெய்னோவுக்குத் தொலைபேசியில் அதைப் படித்துக் காட்டினார். பிரெஞ்சு அமைச்சரவை ஏற்கவில்லை. அன்றிரவே ரெய்னோ பதவி விலகினார். பெத்தாங் ஆட்சிக்கு வந்து ஜெர்மனியிடம் போர்நிறுத்தம் கோரினார்.

நாடு வீழ்ந்த பிறகும் மோனே ஓயவில்லை. சர்ச்சிலின் அரசு, பிரெஞ்சுக்காரரான அவரைத் தனது தளவாடக் கொள்முதல் குழுவின் உறுப்பினராக வாஷிங்டனுக்கு அனுப்பியது. அங்கேயும் அதே முறை. போரை வெல்ல என்ன தேவை, உற்பத்தித் திறன் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்கிற கணக்கைத் தயாரிக்க அமெரிக்க அதிகாரிகளை இடைவிடாமல் அவர் வலியுறுத்தினார். 1942-ஆம் ஆண்டுக்குள் 60,000 விமானங்களும் 45,000 டாங்கிகளும் தயாரிக்கப்படும் என்று ரூஸ்வெல்ட் அறிவித்ததன் பின்னணியில், இப்படிப்பட்ட கணக்குகளுக்காகப் போராடிய சிலரின் உழைப்பு இருந்தது. மோனே அவர்களில் ஒருவர்.

போருக்குப் பின், பிரான்ஸின் திட்ட ஆணையராக நாட்டின் மறுசீரமைப்புப் பணியை அவர் ஏற்றார். 1950-இல் அவர் உருவாக்கிய திட்டத்தை வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் மே 9-ஆம் தேதி அறிவித்தார். பிரான்ஸ், ஜெர்மனி ஆகியவற்றின் நிலக்கரி, எஃகு உற்பத்தியை ஒரு பொது அதிகார அமைப்பின் கீழ்க் கொண்டுவருவதே அந்தத் திட்டம். பீரங்கி செய்ய எஃகு வேண்டும். எஃகு உருக்க நிலக்கரி வேண்டும். இரண்டும் பொதுவாகிவிட்டால், ஒருவரை அறியாமல் மற்றவர் போருக்கு ஆயத்தமாக முடியாது. பொருளாதாரத் திட்டம் போலத் தோன்றிய அது, உள்ளபடியே ஒரு பாதுகாப்புக் கொள்கை. இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவையும் சேர்ந்து ஆறு நாடுகளாயின. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் வித்து அதுவே.

வித்து முளைப்பதற்குள் புயல் வந்தது. 1950 ஜூன் 25-ஆம் தேதி கொரியப் போர் வெடித்தது. அடுத்த தாக்குதல் ஐரோப்பாவில்தான் என்று அஞ்சிய அமெரிக்கா, மேற்கு ஜெர்மனிக்கு மீண்டும் ஆயுதம் வழங்க வேண்டும் என்று செப்டம்பரில் வற்புறுத்தியது. 1870, 1914, 1940 என்று மூன்று முறை ஜெர்மானியப் படையெடுப்பைக் கண்ட பிரான்ஸ் மக்களுக்கு, போர் முடிந்து ஐந்தே ஆண்டுகளில் எழுந்த இந்தக் கோரிக்கை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மோனேயின் கவலை இன்னும் ஆழமானது. ஜெர்மனிக்குத் தனிப்படை கிடைத்துவிட்டால், நிலக்கரி - எஃகு பேச்சுவார்த்தையில் அது ஏன் அக்கறை காட்டப்போகிறது? எனவே, நிலக்கரிக்குக் கண்ட தீர்வையே படைக்கும் நீட்டித்தார். ஜெர்மானிய வீரர்கள் இருக்கலாம். ஜெர்மானியப் படை இருக்கக் கூடாது. ஐரோப்பியப் படை ஒன்றை உருவாக்கி, அதில் இயன்றவரை சிறிய அலகுகளாக அவர்களைக் கலந்துவிட வேண்டும். அந்தப் படைக்கு ஓர் ஐரோப்பியப் பாதுகாப்பு அமைச்சர், ஒரு பொது நிதி ஒதுக்கீடு. போர்க்காலத்தில் மோனேயின் உதவியாளராக இருந்த ரெனே பிளெவன் அப்போது பிரான்ஸின் பிரதமர். அக்டோபர் 24-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அவர் இந்தத் திட்டத்தை அறிவித்தார்.

தொடக்கத்தில் திட்டத்தைத் தளபதிகள் நம்பவில்லை. நேட்டோ படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த ஐசனோவரும் ஐயுற்றார். 1951-இல் மோனே அவரை நேரில் சந்தித்துப் பேசிய பிறகு, அவர் திட்டத்தின் ஆதரவாளராக மாறினார். 1952 மே 27-ஆம் தேதி பாரீஸில் ஆறு நாடுகளும் ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூக ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. பிரிட்டன் சேரவில்லை.

கையொப்பமிட்ட ஒப்பந்தம், மோனே முதலில் எண்ணியது போல இருக்கவில்லை. ஓர் அமைச்சருக்குப் பதிலாக ஒன்பது பேர் கொண்ட ஆணையம் வந்தது. அதற்கு மேல் அமைச்சர்கள் குழு. முக்கிய முடிவுகளுக்கு அங்கே ஒருமித்த ஒப்புதல் தேவை. சர்வதேச சங்கத்தை முடக்கிய அதே மறுப்புரிமை, பின்வாசல் வழியாக மீண்டும் நுழைந்துவிட்டது.

மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய நான்கு நாடுகளின் நாடாளுமன்றங்கள் ஒப்புதல் அளித்தன. இத்தாலி பிரான்ஸின் முடிவுக்காகக் காத்திருந்தது. திட்டத்தை முன்மொழிந்த பிரான்ஸோ தயங்கித் தயங்கி இரண்டு ஆண்டுகளைக் கடத்தியது. அதற்குள் ஸ்டாலின் மறைந்தார். கொரியாவில் போர்நிறுத்தம் ஏற்பட்டது. எந்த அச்சம் திட்டத்தைப் பெற்றெடுத்ததோ அந்த அச்சம் தணிந்தது. 1954 மே மாதம் வியத்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோல்வியுற்றது. காயம்பட்ட ஒரு நாட்டிடம், உன் படையையும் பொதுவில் வை என்று கேட்பது எளிதன்று.

1954 ஆகஸ்ட் 30-ஆம் தேதி, ஒப்பந்தத்தின் மீது விவாதத்தைத் தொடராமலேயே அதை ஒதுக்கிவைக்கும் தீர்மானத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 319-க்கு 264 என்கிற வாக்குகளில் நிறைவேற்றியது. டி காலின் ஆதரவாளர்களும் கம்யூனிஸ்டுகளும் ஒரே பக்கம் நின்று அதை வீழ்த்தினர். அப்போதைய பிரதமர் மெண்டஸ் பிரான்ஸ் எந்தப் பக்கமும் சாயாமல் ஒதுங்கி நின்றார். இரண்டு மாதங்கள் கழித்து, நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பகுதிகளின் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்ததும் இதே பிரதமரின் அரசுதான். கடல்கடந்த மண்ணை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த ஒரு தேசம், தன் படைமீதான உரிமையை மட்டும் விட மறுத்ததில் மனித இயல்பு தெரிகிறது.

அந்த வாக்கெடுப்பின் விளைவு, எதிர்த்து வாக்களித்தவர்கள் விரும்பியதற்கு நேர்மாறாக இருந்தது. 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் முழு உறுப்பினரானது. அதே ஆண்டில் தனக்கென்று பாதுகாப்பு அமைச்சகத்தையும் தனிப்படையையும் அமைத்துக்கொண்டது. ஜெர்மானியப் படை வேண்டாம் என்று அஞ்சியவர்கள், அதைக் கட்டுக்குள் வைத்திருக்கக்கூடிய ஒரே ஏற்பாட்டைத் தங்கள் கையாலேயே குலைத்தார்கள். ஐரோப்பாவின் பாதுகாப்பு அமெரிக்கக் குடையின் கீழ்ச் சென்றது.

மோனேயின் திட்டம் தோற்றதற்குப் பிரெஞ்சு உறுப்பினர்களின் குறுகிய பார்வைதான் காரணம் என்று கூறுவோர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. நிலக்கரியும் போர்வீரரும் ஒன்றல்ல. ஒரு சுரங்கத்தின் உற்பத்தி அளவை ஒரு நிபுணர் குழு முடிவு செய்தால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஓர் இளைஞனைச் சாவின் முன்னே நிறுத்தும் ஆணையை யார் பிறப்பிப்பது என்பது வேறு வகையான கேள்வி. அந்த ஆணையைப் பிறப்பிப்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவராகவும், மக்கள் தட்டிக்கேட்கக் கூடியவராகவும் இருக்க வேண்டும். 1952-இல் ஐரோப்பாவுக்கு அப்படிப்பட்ட ஓர் அரசு இல்லை. படையைக் கட்டினால் அரசு பின்னால் வரும் என்று மோனே நம்பினார். அரசு இல்லாத இடத்தில் படையைக் கட்ட முடியாது என்று காலம் காட்டியது.

தோல்வியை அவர் ஏற்றுக்கொண்ட விதம் என்னைக் கவர்கிறது. நிலக்கரி - எஃகு சமூகத்தின் உயர் அதிகார அமைப்பின் முதல் தலைவராக இருந்த அவர், மீண்டும் அப்பதவியில் தொடரப்போவதில்லை என்று 1954 நவம்பரில் அறிவித்தார். அடுத்த ஆண்டு அரசியல் கட்சிகளையும் தொழிற்சங்கங்களையும் இணைத்து, ஐக்கிய ஐரோப்பாவுக்கான செயற்குழு ஒன்றை நிறுவினார். படை என்கிற சொல்லை ஒதுக்கிவிட்டு அணுசக்தி, பொதுச் சந்தை ஆகியவற்றின் பக்கம் பேச்சைத் திருப்பினார். 1957-இல் ரோம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 1976-இல் ஐரோப்பியத் தலைவர்கள் அவருக்கு ஐரோப்பாவின் கௌரவக் குடிமகன் என்கிற சிறப்பை வழங்கினர். 1979 மார்ச் 16-ஆம் தேதி, 90-ஆவது வயதில் அவர் மறைந்தார். பிறந்து நூறாண்டுகள் நிறைந்த நாளில் அவரது உடல் பாரீஸின் பாந்தியோன் நினைவிடத்துக்கு மாற்றப்பட்டது.

அவர் விட்டுச்சென்ற பணி இன்று எங்கே நிற்கிறது? 2004-இல் ஐரோப்பியப் பாதுகாப்பு முகமை உருவானது. சுமார் 1,500 வீரர்கள் கொண்ட போர்க்குழுக்கள் 2007 முதல் ஆயத்த நிலையில் வைக்கப்பட்டன. அவை ஒருமுறைகூடக் களத்துக்கு அனுப்பப்படவில்லை. ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் மற்றவை உதவ வேண்டும் என்று 2009-இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம் கூறுகிறது. உக்ரைனுக்கு 12 மாதங்களில் 10 லட்சம் பீரங்கிக் குண்டுகளை வழங்குவதாக 2023-இல் அளித்த வாக்குறுதியை, குறித்த காலத்துக்குள் ஒன்றியத்தால் நிறைவேற்ற முடியவில்லை. 2025-இல் 80,000 கோடி யூரோ வரை பாதுகாப்புச் செலவுக்குத் திரட்டும் திட்டத்தை ஐரோப்பிய ஆணையம் முன்வைத்தது. அதில் 15,000 கோடி யூரோ, கூட்டுக் கொள்முதலை ஊக்குவிக்கும் கடன்.

இந்தக் கூட்டுக் கொள்முதல் ஏற்பாட்டைப் பார்க்கும்போது, 1914-இல் போர்தோ நகரில் பிரதமரின் முன் அமர்ந்த இளைஞரின் வாதம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஒரே எதிரியை அஞ்சும் நாடுகள் தனித்தனியே வாங்கி ஏன் விலையை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று அவர் கேட்ட கேள்விக்கு, நூறாண்டுகள் கழித்து விடை எழுதத் தொடங்கியிருக்கிறது ஐரோப்பா. அந்த அளவில் மோனே வென்றிருக்கிறார்.

ஆனால், வெளியுறவு, பாதுகாப்பு ஆகியவற்றின் முக்கிய முடிவுகளுக்கு ஒருமித்த ஒப்புதல் வேண்டும் என்கிற விதி இன்றும் நீடிக்கிறது. 27 நாடுகளில் ஒன்று மறுத்தாலும் முடிவு நிற்கும். பணத்தைப் பொதுவில் வைக்க முன்வந்த அரசுகள், முடிவெடுக்கும் உரிமையைப் பொதுவில் வைக்க இன்னும் துணியவில்லை. மோனேயின் வாழ்க்கையில் முதல் உலகப் போரின் கப்பல் குழு வெற்றி பெற்றது. சர்வதேச சங்கம் முடங்கியது. பாதுகாப்புச் சமூகம் கருவிலேயே கலைந்தது. மூன்றையும் பிரித்துக் காட்டும் கோடு இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

அச்சம் இருக்கும் வரை நாடுகள் கூடும். அச்சம் தணிந்ததும் கலையும் என்பதை மோனே இரண்டு முறை நேரில் கண்டார். இப்போது ஐரோப்பாவை ஒன்றுசேர்த்திருப்பதும் ஓர் அச்சமே. உக்ரைனில் பீரங்கிகள் ஓயும் நாளில், இன்றைய கூட்டு ஏற்பாடுகளும் 1918-இன் கப்பல் குழுவைப் போலக் கலைக்கப்படுமா, அல்லது மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அமைப்பின் கீழ் நிலைபெறுமா என்பதை ஐரோப்பிய அரசுகள் அதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். அச்சம் விலகிய பிறகு அந்த முடிவை எடுக்க எந்த நாடாளுமன்றமும் முன்வராது என்பதற்கு, 1954 ஆகஸ்ட் 30 சாட்சியாக நிற்கிறது.